வெண்டைக்காய்ப் பூ கல்கத்தா போன கதை

1960-ஆம் வருஷம், ஐப்பசி மாசக் கடைசி. இடம் அறந்தாங்கி. இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்று விலாசம் எழுதுகிறோம். அன்றைக்கு எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. நானும் என் கணவரும் ஊருக்கு வெளியே, மணமேல்குடி போகும் ரோட்டோரமாக ஒரு சிமெண்ட் பட்டறை வைத்திருந்தோம். தண்ணீர்த் தொட்டி, கிணற்று உறை, ஜன்னலுக்கு மேலே காற்று வர வைக்கிறார்களே அந்த ஜாலி, இதெல்லாம் வார்த்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் அச்சு செதுக்குவார், வார்ப்பார். நான் ஆட்களை வேலை வாங்குவேன், வருகிறவர்களிடம் பேசுவேன். பேச்சு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு முற்றல் வெண்டைக்காய். சந்தைக்குப் போன என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வந்திருந்தார். அதில் ஒன்றைக் குறுக்கே நறுக்கி, அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மூக்குக்கு நேரே நீட்டி, இதை மாடுகூடத் தின்னாது என்றேன். ஏச்சுக் கேட்க வேண்டிய மனுஷர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து இதழ், இதழுக்குள் ஒரு ஓட்டை, நடுவில் சின்னதாக ஒரு நட்சத்திரம். சோறு ஆறிப்போனது. அந்த வாரமே தேக்குப் பலகையில் அதே உருவத்தைச் செதுக்கி, ஒரு ஜாலி வார்த்து நிறுத்தினார். காலை வெயில் அதன் வழியாக விழுந்தபோது பட்டறைத் தரை முழுக்கப் பூவாய்க் கிடந்தது. ஊரில் அதற்கு வெண்டைக்காய் ஜன்னல் என்று பேர் விழுந்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து கேட்டார்கள்.

அந்தச் சமயம் பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு இன்ஜினீயர், இதை இப்படியே விட்டால் ஆளாளுக்கு வார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், டிசைனைப் பதிவு செய்துவிடுங்கள் என்றார். வீடு பதிவு செய்வது தெரியும், நிலம் பதிவு செய்வது தெரியும். ஒரு உருவத்தைப் பதிவு செய்யலாம் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். அவரே படம் வரைந்து கொடுத்து, மெட்ராஸில் ஒரு ஏஜெண்டு மூலமாகக் கல்கத்தாவில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு மனுவை அனுப்பிவைத்தார். பதிவாகிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்த உருவத்தை வேறு யாரும் விற்பனைக்குச் செய்யக் கூடாது. ஐந்து வருஷம் முடிவதற்குள் மறுபடி மனுப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம். அதற்குப் பிறகு கடைசியாக ஒரு ஐந்து வருஷம். இடையில் நாள் தவறவிட்டால் போச்சு, பூ ஊருக்குப் பொதுவாகிவிடும். நாங்கள் வார்க்கும் ஒவ்வொரு ஜாலியின் மூலையிலும் அந்தப் பதிவு நம்பரை அச்சாகப் பதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். என் கணவர் பூவைச் செதுக்கியதைவிட அந்த நம்பரைச் செதுக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மனு போனது 1955-இல், அடைமழைக் காலத்தில். பத்திரம் கைக்கு வந்தது மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சிவப்பு முத்திரையோடு வந்த அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்த நாளைப் பூவுக்குப் பிறந்தநாளாகவே ஆக்கிவிட்டோம். வருஷாவருஷம் மாசியில் அந்த நாள் வந்தால் பட்டறையில் சர்க்கரைப் பொங்கல். கொத்தனார் வீடு, ஆசாரி வீடு, ரோட்டில் இருந்த மற்றப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் தூக்குவாளியில் போகும். பொங்கலுக்குப் பகை கிடையாது என்று என் கணவர் சொல்லுவார். அதனால் மணமேல்குடிக்காரர் பட்டறைக்கும் போகும்.

இந்த மணமேல்குடிக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்த ஊர் மணமேல்குடி. அதனால் எல்லோருக்கும் அவர் அப்படித்தான். எங்களுக்கு அப்புறம் வந்து, எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் பட்டறை போட்டவர். தொழிலில் கை சுத்தம், வாய் அதிகம் கிடையாது. வந்த புதிதில் வெண்டைக்காய் ஜன்னல் கேட்டு ஒருவர் அவரிடம் போக, அவரும் அச்சுச் செய்ய ஆரம்பித்தார். என் கணவர் போய், பதிவாகியிருக்கிறது என்று நம்பரைக் காட்டினார். நிறுத்திக்கொண்டார். ஆனால் அதோடு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவர் பட்டறை மழைத்தண்ணீர் எங்கள் மணல் குவியலை அரிக்கிறது என்று நான் ஒருமுறை ரோட்டில் நின்று அவருக்குக் கொடுத்த அர்ச்சனையைக் கேட்டு, போன பஸ்ஸே நின்று போனது என்பார்கள். கொஞ்சம் மிகைதான், பஸ் அங்கே எப்போதும் நிற்கும்.

அந்த ஐப்பசியில் எங்கள் நேரம் சரியில்லை. கிணற்று உறை ஒன்று சரிந்து என் கணவரின் கால் முறிந்துவிட்டது. தொடைவரை மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். வெளியில் மழை விடவில்லை. பட்டறையில் வேலை இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே தெம்பு, ஊரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபம். அதன் ஜன்னல் அத்தனைக்கும் எங்கள் வெண்டைக்காய்ப் பூதான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மழை விட்டதும் ஆட்களை வைத்து ஆரம்பிக்கலாம், அந்த வேலை ஒன்று போதும், கால் கூடுகிறவரை வீட்டை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில், கொட்டுகிற மழையில், தலைக்குச் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மணமேல்குடிக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுப் படி ஏறாத மனுஷர். எனக்குச் சுருக்கென்றது. மணல் சண்டைக்கு மறுபதில் சொல்ல வந்திருக்கிறார் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"சண்டைய இன்னொரு நாளைக்கு வச்சுக்கிருவோம் தங்கச்சி. ஒங்க பூவுக்கு நாளு முடியப் போகுது" என்றார்.

மாசி மாசம்தான் முடிகிறது, அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று நான் முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவர் அசையவில்லை.

"நீங்க பொங்கல் வைக்கிற நாளு வேற, சட்டத்து நாளு வேறங்க. கடுதாசி வந்த நாளுலேருந்து கணக்கு இல்ல. மனுப் போட்ட நாளுலேருந்துதான் கணக்கு. இன்னும் ஒரு வாரம்கூட இல்ல."

எங்கள் நம்பரைக் கொடுத்து, திருச்சியில் ஒரு வக்கீல் மூலம் முன்பே தெரிந்துவைத்திருந்தாராம். அவருக்கு எதற்கு அந்தக் கணக்கு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பூ பொதுவாகிற நாளுக்குக் காத்திருந்திருக்கிறார். அதையும் அவர் மறைக்கவில்லை. மண்டபத்து மேஸ்திரி அவரிடமும் பேசியிருக்கிறார். நாள் முடிந்த மறுநாளே வார்ப்பு ஆரம்பிப்பதாக இவரும் சொல்லியிருக்கிறார். அச்சுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நீட்டிப்புக்கான மனு. அதே வக்கீல் வீட்டில் இங்கிலீஷில் டைப் அடித்து வாங்கி வந்திருந்தார். என் கணவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை யாருக்குத்தான் தெரியாது? தொழில் எதிரி, இங்கிலீஷில் ஒரு தாளைக் கொண்டு வந்து, படுத்துக் கிடக்கிறவரிடம் கையெழுத்துக் கேட்கிறார். பூவையே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று பட்டது. அதை வாய்விட்டே கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கட்டிலில் கிடந்த என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிதானமாக, அப்படியென்றால் இதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

மணமேல்குடிக்காரர் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபடியே சொன்னார்.

"போன வாரம் ஒன்னு வார்த்துப் பாத்தேன், அச்சு சரியா இருக்கான்னு. நல்லாத்தான் வந்துச்சு. ஆனா மூலையில ஒங்க நம்பர் இருக்குற எடம் மொட்டையா இருந்துச்சுங்க. அதப் பாக்கப் பாக்கச் சோறு எறங்கல. நீங்க வேணாம்னு விட்டா நான் எடுத்துக்கிருவேன், அது தொழிலு. தெரியாம விட்டத எடுத்தா, தூங்குற ஆளு மடியில கை வச்ச மாதிரில்ல."

என் கணவர் சுவரைக் காட்டி, சட்டத்தைக் கழற்று என்றார். நான் பத்திரத்தையும் அந்த மனுவையும் ஒரு பித்தளைத் தூக்கில் போட்டு மூடி, மழையோடு மழையாக ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் பத்திரத்தைப் படித்தார், மனுவைப் படித்தார், மறுபடி பத்திரத்தைப் படித்தார். மணமேல்குடிக்காரர் சொன்னது சொன்னபடி உண்மை. பதிவுத் தேதி என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது, மனு போய்ச் சேர்ந்த நாள்தான். ஐந்து வருஷமாகச் சந்தனம் வைத்துக் கும்பிட்டோமே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை. மனுவிலும் ஒரு வில்லங்கமும் கிடையாது. பூ எங்கள் பேரிலேயே இன்னும் ஐந்து வருஷத்துக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. வாத்தியார், சீக்கிரம் அனுப்புங்கள், அந்த நாளுக்குள் கல்கத்தாவில் கிடைத்தாக வேண்டும் என்றார்.

என் கணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். கட்டணத்துக்கு வேண்டிய போஸ்டல் ஆர்டரை வாங்கிக் கவருக்குள் வைத்தாயிற்று. ஆனால் போஸ்ட் மாஸ்டர் கையை விரித்தார். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய் ரயில் நின்றுவிட்டது. கண்மாய் உடைத்துக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டைத் தண்ணீர் மூடியிருந்தது. பஸ்ஸும் இல்லை. உள்ளே தபால் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. வாங்கி வைக்கிறேன், எப்போது போகும் என்று என்னால் சொல்ல முடியாதம்மா என்றார்.

வெளியே வந்து நின்றேன். எனக்கு அழுகை சட்டென்று வராது, அன்றைக்கு வந்தது. கால் நன்றாக இருந்தால் என் கணவர் நீந்தியாவது போயிருப்பார். நான் திருச்சிகூடத் தனியாகப் போனதில்லை.

மணமேல்குடிக்காரர் தபாலாபீஸ் எதிரே அவருடைய பழைய லாரியோடு நின்றுகொண்டிருந்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வந்திருந்ததாம். காரைக்குடி பக்கமாகச் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகிறேன், இங்கிட்டு ரோடு கிடையாது, அங்கிட்டு எப்படியோ போய்விடலாம் என்கிறார்கள், கவரைக் கொடுத்தால் திருச்சியில் ரிஜிஸ்டர் பண்ணிவிடுகிறேன் என்றார்.

நினைத்துப் பாருங்கள். அந்தக் கவர் போய்ச் சேராவிட்டால் உலகத்திலேயே லாபம் அடையக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் அதைக் கொடுப்பதா? கொடுக்காமல் வைத்திருந்தால் நிச்சயமாகப் போச்சு. கொடுத்தால் ஒருவேளை போகாமல் இருக்கலாம். நான் கவரை நீட்டினேன். அவர் வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் மறைந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் நல்லது என்றார், அவ்வளவுதான். ஊர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பட்டறை ஆட்களே, நரியைக் கூப்பிட்டுக் கோழிக் கூட்டைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நாள் ஓடியது. லாரி திரும்பவில்லை. மழை குறைந்தது. வாத்தியார் சொன்ன அந்த நாளும் வந்து போனது. ரிஜிஸ்டர் பண்ணிய ரசீது வரவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், மணமேல்குடிக்காரர் பட்டறையில் லாரி வந்து நிற்கிறது, சிமெண்ட் மூட்டை இறக்குகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான்.

எனக்குக் கண்ணே தெரியவில்லை. கால் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தேன். வழியிலேயே ஒரு பிடி மண்ணை அள்ளி வைத்துக்கொண்டேன், அவர் வாசலில் தூற்றுவதற்கு.

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த அச்சுகள்தான். கீற்றுக்கு அடியில் வரிசையாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் எங்கள் பூ. இதழின் வளைவு, ஓட்டையின் சரிவு, நடு நட்சத்திரம், ஒன்றில்கூடப் பிசிறு கிடையாது. கோபத்திலும் அதன் அழகு என்னை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டது. எத்தனை மாத வேலையோ. அவரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன்.

அவர் மனைவி வெளியே வந்தார். அதுவரை நான் அந்த அம்மாளிடம் பேசியதில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என் கையில் இருந்த மண்ணை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்க, கல்கத்தான்னா எம்புட்டுத் தூரம்? மெட்ராசுக்கு அங்கிட்டா இங்கிட்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லாரி டிரைவர்தான் நடந்ததைச் சொன்னார். காரைக்குடி வழியாகச் சுற்றித் திருச்சி போய்ச் சேரவே ரெண்டு நாள் பிடித்திருக்கிறது. அங்கே தபாலாபீசில் விசாரித்திருக்கிறார்கள். மெட்ராஸ் பக்கமும் மழை, தபால் ரயில் எல்லாம் தாமதம், சொன்ன நாளுக்குள் கல்கத்தாவுக்குப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டோம் என்றிருக்கிறார்கள். இவர் கவுண்டரில் நீட்டிய கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு டிரைவரிடம், சிமெண்டை ஏற்றிக்கொண்டு நீ ஊருக்குப் போ, வீட்டில் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு, உடுத்தியிருந்த வேட்டி சட்டையோடு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்கு ரயில் பிடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். லாரி வழியில் பழுதாகி நின்று, அன்றைக்குத்தான் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

நான் கையில் இருந்த மண்ணை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பட்டறைத் தரையில், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். திருச்சியைத் தாண்டாத மனுஷர். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. அவருடைய பூவா அது? அவருக்கு வர வேண்டிய வேலையைக் கெடுத்துக்கொள்ள, எங்கேயோ வங்காளத்துக்கு ரயிலேறிப் போயிருக்கிறார். கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. அன்றிலிருந்து தினமும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேருமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எனக்குப் பூவைப் பற்றிய நினைப்பே இல்லை. அந்த மனுஷர் நல்லபடியாக வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவர் ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, அந்த வேட்டி என்ன நிறம் என்றே சொல்ல முடியாதபடி இருந்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்து ஒரு தாளை என் கணவர் கையில் வைத்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அந்த அலுவலகம் முத்திரை போட்டுக் கொடுத்த ரசீது. முத்திரையில் இருந்த நாள், எங்கள் கெடு முடிவதற்கு முந்தின நாள். என் கணவர் மாவுக்கட்டுக் காலோடு கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் பிடித்து உட்காரவைத்தேன்.

சாப்பிடச் சொன்னேன். சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் அந்த அலுவலகத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷர், அன்றைக்குச் சின்னப்பிள்ளை திருவிழாவைச் சொல்கிற மாதிரி சொன்னார். கவர் மேலே இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டியே போய்ச் சேர்ந்திருக்கிறார். உள்ளே அவர்கள் கேட்டது இவருக்குப் புரியவில்லை, இவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் இவர் மேஜை மேல் கிடந்த ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் வெண்டைக்காய்ப் பூவை வரைந்துவிட்டார். அத்தனை அச்சு செதுக்கிய கைக்கு அது மனப்பாடம். அதையும் மனுவில் இருந்த நம்பரையும் பார்த்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே உள்ளே போய், பழைய தாள் ஒன்றைக் கொண்டு வந்து இவர் வரைந்ததற்குப் பக்கத்தில் வைத்தாராம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இன்ஜினீயர் வரைந்து அனுப்பிய எங்கள் பூ. ரெண்டும் ஒன்றுபோல இருந்ததாம்.

"அலமாரி அலமாரியா வச்சிருக்காங்க. எந்தெந்த ஊரு ஆளு நெனச்சதெல்லாமோ அங்க இருக்கு. இங்க கண்மாய் ஒடைஞ்சு ஊரே தண்ணியில கெடக்குது, அங்கிட்டு ஒங்க பூ ஒரு சொட்டு நனையாம இருக்குதுங்க" என்றார்.

நாங்கள் பார்த்தே இராத ஒரு ஊரில், எங்களைப் பார்த்தே இராத மனிதர்கள், நான் சமையலறையில் நறுக்கிய ஒரு வெண்டைக்காயை அத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் வாயால் கேட்டபோதுதான் நம்ப முடிந்தது. சுவரில் மாட்டிய தாளின் அர்த்தமும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

என் கணவர் அவரிடம், இனிமேல் நீங்களும் இந்தப் பூவை வார்க்க வேண்டும், மண்டபத்து வேலையை ரெண்டு பட்டறையும் சேர்ந்து செய்வோம், எழுத்துமூலமாகவே சம்மதம் கொடுக்கிறேன் என்றார். நானும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாங்க. ஒங்க வீட்டுக்குப் பூட்டு வாங்கியாந்து குடுத்துட்டு நானே ஒரு சாவியும் வச்சுக்கிட்டா அது நல்லாவா இருக்கும்?"

அந்த அச்சுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மழைக்கு வெந்நீர் வைக்க விறகு தட்டுப்பாடாகத்தான் இருக்கிறது என்று சிரித்தார். சொன்னபடி எரித்தும்விட்டார். பின்னால் மீன் செதில் மாதிரி ஒரு ஜாலியை அவரே யோசித்துச் செய்து, தன் பேரில் பதிவு செய்துகொண்டார். கல்கத்தா அலமாரியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அங்கே தனக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது என்பார். எங்கள் பூவை வேறு யாராவது வார்க்கலாமா என்று கேட்டு வந்தால் முதல் ஆளாக விரட்டுகிறவரும் அவர்தான்.

அன்றைக்கு அவர் கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். மனசுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்டால் தாங்காது போலிருந்தது. நான் உங்களை நம்பிக் கவரைக் கொடுக்கவில்லை, வேறு வழி தெரியாமல்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை.

"தெரியும் தங்கச்சி. குடுக்கும்போது நீங்க விடவே இல்லையே, நான்ல இழுத்து வாங்குனேன். அதனாலதான் தபால்ல போடாம நானே போனேன். வழியில தொலைஞ்சு போயிருந்தா, தபால்காரன் தொலைச்சான்னு நீங்க நம்புவீங்களா?"

சொல்லிவிட்டு, வீட்டில் அவள் காத்துக்கொண்டிருப்பாள், வாரேன் என்று நடந்து போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். என் சந்தேகத்தை அவர் கையோடு வாங்கிக்கொண்டு போய், அதற்கு ஒரு பதில் வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாணயமாக நடந்துகொண்ட நல்லவர்கள் பலரை என் ஆயுசில் பார்த்துவிட்டேன். நம்பாமல் கொடுத்த ஒருத்திக்கு அதைவிட ஒரு படி மேலாக நாணயம் காட்டிய மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவரை நினைக்கும்போதெல்லாம் யாரையும் சுலபமாகச் சந்தேகப்பட எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.